பழைய லேப்டாப்புக்கு எது சேரும்?

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ப்ராசஸர்தான். என் அக்கா மகனும் அப்படித்தான் வந்து நின்றான். அவனிடம் இருப்பது லெனோவோ திங்க்பேட் டி430. 2012-இல் வெளியான மாடல். ஏதோ ஒரு கம்பெனி பயன்படுத்திக் கழித்துவிட்டதை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தான். "மாமா, ஐ5-ஐத் தூக்கிட்டு ஐ7 போட்டா புதுசு மாதிரி ஆயிடும்ல?" என்றான். "இப்ப ரேம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன். நாலு ஜிபி என்றான்.

பிரௌசரில் நாலைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடவே புரோகிராம் எழுதும் மென்பொருளையும் ஓட்டினால் அந்த நான்கு ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும், இடம் கொள்ளாததை ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைக்கும்; தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். சுழலும் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அது எடுத்துக் கொடுக்கும் வரை ப்ராசஸர் சும்மா காத்திருக்கும். அந்த இடத்தில் இன்னும் வேகமான ப்ராசஸரைப் போட்டால் அதுவும் காத்துத்தான் இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவனிடம் காட்டினேன். மெமரி உச்சியில் நின்றது, ப்ராசஸர் கீழே கிடந்தது. கையில் ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன் எவரும் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான் என்பேன்.

ரேம் வாங்குவது எளிது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் அளவுக்கு எளிதல்ல. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். தவறானது ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. சிக்கல் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் இடையில்தான். இரண்டுக்கும் அதே 204 பின், அதே வெட்டு. முன்னது 1.5 வோல்ட்டில் ஓடும். பின்னது 1.35 வோல்ட்டில் ஓடும், 1.5-ஐயும் தாங்கும். டி430 போன்ற 1.5 வோல்ட் போர்டில் எதைப் போட்டாலும் நடக்கும். 1.35 மட்டுமே தரும் பிந்தைய மாடல்களில் பழைய டிடிஆர்3 கச்சிதமாக உட்காரும், மெஷின்தான் ஆன் ஆகாது. கடைக்காரர் "எல்லாம் டிடிஆர்3தான் சார்" என்றாலும், லேபிளில் வோல்ட்டேஜைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டி430-இன் உச்ச வரம்பு 16 ஜிபி. அதை இரண்டு எட்டாகப் போடுவது நல்லது. இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு இருந்தால் இரண்டு சேனலும் சேர்ந்து வேலை செய்யும். இந்த மெஷினில் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் இதையே பகிர்ந்துகொள்வதால், பலன் திரையிலும் தெரியும். 32 பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அதை முதலில் மாற்ற வேண்டும். சாதாரண 32 பிட் விண்டோஸ் நான்கு ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

பையனுக்கு ஐ7 ஆசை அப்போதும் விடவில்லை. அவன் ஆசையில் நியாயமும் இருந்தது. டி430-இல் ப்ராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது, கழற்றலாம், மாட்டலாம். ஆனால் ஐ7 என்ற பெயரை நம்பக் கூடாது. அந்தத் தலைமுறையின் ஐ7-3520எம்-இல் இருப்பதும் இரண்டே கோர்தான், அவனுடைய ஐ5-3320எம் போலவே. வேகத்தில் சிறு வித்தியாசம் உண்டு, அவ்வளவுதான். நான்கு கோர் வேண்டுமென்றால் எண்ணுக்குப் பின்னால் க்யூஎம் என்று இருக்க வேண்டும். அதிலும் 3740க்யூஎம் 45 வாட் வெப்பம் தள்ளும். 35 வாட் ப்ராசஸருக்கென்று செய்த ஃபேனும் செம்புக் குழாயும் அதைத் தாங்காமல் திணறும். ப்ராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே போய்விடும். ஆகவே இந்த மாடலுக்கு நான் சொல்வது 3632க்யூஎம். நான்கு கோர், எட்டு த்ரெட், அதே 35 வாட். இதிலேயே போர்டில் சாலிடர் செய்யும் வகையும் உண்டு என்பதால், அடியில் பின் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். சோதனைக்காகத் தயாரித்த சாம்பிள் சிப்புகளும் பழைய சந்தையில் சுற்றுகின்றன. மேலே இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம்.

சாக்கெட் பொருந்தினால் போதுமா என்றால், போதாது. 2011-இல் வந்த டி420-க்கும் இதே சாக்கெட்தான். ஆனால் அதன் பயாஸ் 2012-இன் ப்ராசஸரை ஏற்றுக்கொள்ளாது. அடுத்த தலைமுறை 2013-இல் வந்தபோது சாக்கெட்டே மாறிப்போனது. அதனால் சாக்கெட், சிப்செட், பயாஸ், வாட் நான்கையும் பார்த்த பிறகே வாங்க வேண்டும். லெனோவோ தன் மாடல்களுக்கு வெளியிட்ட மெயின்டனன்ஸ் மேனுவலில் எந்தெந்த ப்ராசஸர் வந்தது, எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்பது வரை இருக்கிறது. ஒரு மெஷினை வாங்கியவனுக்கு அதைத் திறந்து பார்க்கும் வழியையும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களின் வேலை அது. எனக்கு அந்த மேனுவல் மேல் பெரிய மரியாதை உண்டு.

கடைசியில் அவன் இரண்டு எட்டு ஜிபி ரேமும், சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டியும் போட்டான். ஐ5 அப்படியே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் ப்ராசஸர் பட்டியலில் இந்தத் தலைமுறை இல்லை. ஐ7 போட்டிருந்தாலும் அது மாறியிருக்காது. எனவே லினக்ஸ் ஏற்றினோம். கல்லூரி வேலைக்குத் தாராளமாகப் போதுகிறது. நாள் முழுக்க வீடியோ எடிட் செய்பவருக்கு நான்கு கோர் உண்மையில் உதவும். மற்றவர்கள் அந்தப் பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடலாம்.

இப்போது வரும் லேப்டாப்புகளில் ப்ராசஸரை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. போர்டோடு சாலிடர் செய்துவிடுகிறார்கள். பல மெல்லிய மாடல்களில் ரேமும் அப்படித்தான். ஆகவே அடுத்த லேப்டாப்பின் விலையைக் கேட்பதற்கு முன், ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஐந்து வருடம் கழித்து எவ்வளவு தேவைப்படுமோ அதை இன்றே போட்டு வாங்கிவிடுங்கள்.