சட்டகத்தின் மேற்பூச்சு

பழைய கார்களைப் புதுப்பிப்போர் பெரும்பாலும் வெளித்தோலின் வண்ணத்தைப் பற்றியே பேசுவர். தந்தத்தின் வெண்மையா, பாசிப்பச்சையா, ஆலையிலிருந்து வந்த நாளில் எந்நிறம் இருந்தது என்பன போன்ற விவாதங்கள் சுவையானவை. ஆனால் ஒரு காரின் ஆயுளைத் தீர்மானிப்பது கண்ணில் படும் அந்த வண்ணமன்று. குனிந்து பார்த்தாலொழியத் தென்படாத சேசிஸின் மேல் பூசப்பட்ட கறுப்புப் பூச்சே அதைத் தீர்மானிக்கிறது. அப்பூச்சைப் பற்றி எங்கள் இல்லத்தில் ஏறத்தாழ ஐந்து திங்கள் நடந்த வாதப் பிரதிவாதங்களின் சாரத்தை இங்கே எழுதி வைக்கிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் இரும்புக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். பழையதைக் காப்பது எப்படி என்ற கேள்வி ஏட்டுக்கும் இரும்புக்கும் பொதுவானது என்பதே எங்கள் விடை.

கார், எங்கள் தந்தையார் 1979-இல் இரண்டாம் கையாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவர் மறைந்தபின் கடலூரில் தகரக் கொட்டகையொன்றில் பல்லாண்டுகள் நின்றுவிட்டது. எங்களில் மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் தொழிற்சாலையொன்றில் பராமரிப்புப் பொறியாளர். இருவருக்கும் பொதுவான உடைமை என்று எஞ்சியது இந்த வண்டி ஒன்றுதான். ஆகவே முடிவும் இருவருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டியிருந்தது.

ஹெரால்டின் வரலாற்றிலேயே இச்சிக்கலின் வேர் உள்ளது. அக்காலத்தில் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடருக்கும் பியட்டுக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே சட்டகமாகவும் அமைந்த கட்டுமானம் அவை. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனிச் சட்டகத்தின்மேல் உடலைப் போல்ட்டுகளால் பொருத்திய வண்டியாக வந்தது. அந்நிறுவனத்துக்கு உடற்பாகங்கள் செய்து தந்த ஆலையை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக வார்த்துத் தர ஆளில்லாமற்போகவே, பல இடங்களில் செய்வித்த பகுதிகளை ஒரு சட்டகத்தின்மேல் சேர்த்துப் பூட்டும் வழியை மேற்கொண்டனர். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு வடிவம் தந்தார். சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் 1971 வரை 948 சி.சி. இயந்திரத்துடன் உருவான வண்டிகளும் அதே அமைப்புடையவை. நெருக்கடியில் பிறந்த அந்த அமைப்பினால் ஒரு நன்மை விளைந்தது: போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுச் சட்டகத்தைத் தனியே செப்பனிடலாம். அம்பாசடர்க்காரர்களுக்கு இந்தப் பேறு இல்லை.

உடலைத் தூக்கியபோது கண்டது இதுதான். நடுவில் நெருங்கி ஓடும் இரண்டு பெட்டி உத்திரங்களும் நன்றாக இருந்தன. அவற்றிலிருந்து கைகள்போல நீளும் பக்கத் தாங்கிகளும், அவற்றின் முனைகளை இணைக்கும் ஓரச் சட்டங்களும், டிக்கியைத் தாங்கும் பின்கைகளும் சல்லடையாகியிருந்தன. எல்லா நாடுகளிலும் ஹெரால்டுகள் துருப்பிடிப்பது இவ்விடங்களில்தான். அவற்றை வெட்டியெடுத்துப் புதிய தகட்டில் வளைத்து வெல்டிங் செய்தாயிற்று. அடுத்த கேள்வி: மேலே என்ன பூசுவது?

இளையவர் பவுடர் கோட்டிங் என்றார். அதன் நியாயங்கள் வலுவானவை. பிசினும் நிறமியும் கலந்த நுண்பொடிக்கு மின்னேற்றம் தந்து, புவியிணைப்புச் செய்யப்பட்ட இரும்பின்மேல் தூவினால் பொடி தானே சென்று ஒட்டிக்கொள்கிறது. பிறகு சூளையில் ஏற்றி, இரும்பே ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டைப் பிடித்து, பத்து இருபது நிமிடம் நின்றால் பொடி உருகி ஓடி, குறுக்குப் பிணைப்புற்று ஒரே தோலாகிவிடுகிறது. 60 முதல் 100 மைக்ரான் வரை கனம் ஒரே பூச்சில் கிட்டும். தின்னர் வேண்டாம்; வழிசல் கிடையாது; சிந்திய பொடியைத் திரட்டி மறுபடியும் பயன்படுத்தலாம். இன்று நம் வீட்டு ஜன்னல் சட்டங்கள், மின்விசிறிகள், சைக்கிள்கள் யாவும் இப்படி வருபவையே. ஸ்பானர் தவறி விழுந்தாலும் எளிதில் கீறல் விழாத கடினம் அதற்குண்டு.

இவ்வளவு இருந்தும் மூத்தவர் தயங்கியதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, சட்டகத்தின் வடிவம். மின்னேற்றப் பொடி உள்மூலைகளுக்குள் புக மறுக்கும். ஃபாரடே கூண்டு விளைவு என்று இயற்பியலார் கூறுவது இதனையே. தட்டையான பரப்பில் தாராளமாய்ப் படியும் பொடி, இரண்டு தகடுகள் சந்திக்கும் இடுக்கில் மெலிந்துபோகிறது. துரு தொடங்கும் இடமோ அந்த இடுக்கு. பெட்டி உத்திரங்களின் உட்புறத்தைப் பொடி எட்டுவதேயில்லை. போதாக்குறைக்கு, அறுபது ஆண்டுகளாக உள்ளே சேர்ந்திருக்கும் எண்ணெயும் கிரீஸும் சூளையின் வெப்பத்தில் உருகி, துளைகள் வழியே கசிந்து புதுப்பூச்சைக் கெடுக்கும்.

இரண்டாவது, அது தோற்கும் விதம். புதுச்சேரியில் உள்ள நண்பர் ஒருவர் தம் ஜீப்பின் சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்வித்திருந்தார். மூன்றாவது மழைக்காலம் கழிந்தபின் அதைக் கண்டோம். தூர நின்று பார்த்தால் குறையொன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடிபோல் மின்னியது. ஒரு சக்கரத்தின் பின்னால் கல் தெறித்து உண்டான மிளகளவு காயம் இருந்தது. அதன் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது பூச்சு உள்வாங்கியது. நகத்தால் நிமிண்டினால் வாழைச்சருகு உரிவதுபோல ஒரு சாண் நீளம் உரிந்து வந்தது, அடியில் ஈரத்துரு. காயத்தின் வழியே புகுந்த உப்புநீர் தோலுக்கடியில் ஊர்ந்து சென்றிருக்கிறது. நீதியாகச் சொன்னால் இது பொடியின் குற்றமன்று. துருவை முற்றும் நீக்கி, துத்தநாகம் மிகுந்த எபாக்சி முதற்பூச்சு ஒன்றைக் கீழே தந்திருந்தால் இவ்வளவு விரைவில் இது நேர்ந்திராது. ஆனால் நோய் உள்ளே பரவும்போது வெளியே அடையாளம் காட்டாத இயல்பு, எடையைத் தாங்கும் உறுப்பொன்றில் அச்சம் தருவது. பெயிண்ட் நொய்ந்தால் கொப்புளித்துப் பழுப்பேறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, திருத்த இயலாமை. பின்னாளில் ஓரிடத்தில் விரிசல் கண்டு வெல்டிங் செய்ய நேர்ந்தால், சுற்றிலுமுள்ள பவுடர் தோல் கருகும். அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் பொடி தூவிச் சுட முடியாது; முழுவண்டியையும் கழற்றிச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். பெயிண்டாயின் உப்புத்தாளும் தூரிகையும் ஒரு பிற்பகலும் போதும்.

இங்கே மூத்தவர் தம் தொழிலின் உதாரணத்தை எடுத்தார். ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது வழக்கம். அது நிரந்தரக் காப்பன்று. சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபடியும் தடவ வேண்டும். அப்படித் தடவும்போதெல்லாம் ஒருவர் ஏட்டைப் பிரித்து, ஒவ்வோரிதழாகப் பார்த்தாக வேண்டும். பூச்சி அரித்திருப்பதும் முனை முறிந்திருப்பதும் அப்போது தெரியவரும். எண்ணெய் காத்ததில் பாதி. அந்தப் பார்வை காத்தது மீதி. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியில் தொடங்கி, தாம் ஏற்ற பாடத்தோடு நில்லாமல் பிரதிபேதங்களையும் காட்டும் நெறியை வளர்த்துக்கொண்டார். தமக்குப்பின் வருபவர் தம் முடிவைத் திறந்து பார்க்க வழிவைப்பதே நல்ல பதிப்பு. சட்டகத்தின் பூச்சும் அவ்வாறே அடுத்த கைக்கு வழிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. இளையவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஏடு அறுபது மைல் வேகத்தில் போகாது அண்ணா" என்றார். அதுவும் நியாயந்தான்.

இவ்வாறு வாதம் பெயிண்டின் பக்கம் சாய்ந்த வேளையில், அதைச் சரிப்படுத்தியவர் பெயிண்டர் மேஸ்திரி. அறுபதைக் கடந்தவர், டூகோ காலத்திலிருந்து ஸ்ப்ரே கன் பிடிப்பவர். இக்காலத்து நல்ல பெயிண்ட் என்பது இரண்டு டப்பாக்களில் வரும் பாலியூரித்தேன். ஒன்றில் பிசின், மற்றொன்றில் கெட்டிப்படுத்தி. அந்தக் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் சேர்மங்கள் உள்ளன. 1984-இல் போபாலில் பரவியது இக்குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சேர்மம். பெயிண்டில் உள்ளவை அவ்வளவு கொடியவை அல்ல எனினும், தெளிக்கும்போது எழும் நுண்துளிகளைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு மாறாத ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதனை வெறுக்கக் கற்றுவிட்டால் பிறகு சிறுதுளியும் மூச்சைப் பிடிக்கும். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி செலுத்தும் முகக்கவசம் இதற்கு வேண்டும். மேஸ்திரியிடம் இருந்தது ஒரு கைக்குட்டை.

"கர்ச்சீப்ப நனைச்சிக் கட்டிக்குவேன் சார். நாப்பது வருசமா அப்படித்தான். இப்ப ரெண்டு வருசமா ராத்திரில இளைப்பு" என்றார், பெருமையுமில்லாமல் குறையுமில்லாமல்.

பவுடர் கோட்டிங்கில் ஐசோசயனேட் தெளிப்பு இல்லை, தின்னர் நெடி இல்லை என்று இளையவர் தொடக்கத்திலேயே கூறியிருந்ததன் பொருள் அப்போதுதான் எங்கள் இருவருக்கும் முழுமையாக விளங்கியது. துருநீக்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. மணல் வீச்சுக்கு ஆற்றுமணலைப் பயன்படுத்தினால் அதிலுள்ள சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். பிரிட்டனில் வார்ப்புகளைத் தூய்மையாக்க மணல் வீசுவதை 1949-ஆம் ஆண்டின் விதிகளே விலக்கிவிட்டன. நம் பட்டறைகள் பலவற்றில் அது இன்றும் நடக்கிறது. எனவே எது நீடிக்கும் என்ற கேள்வியோடு, யாருடைய மூச்சில் நீடிக்கும் என்ற கேள்வியையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

முடிவு இப்படி அமைந்தது. சட்டகத்தை மணலுக்குப் பதில் கார்னெட் துகளால், மூடிய அறையில், காற்றுக்குழாய்க் கவசம் அணிந்து வேலை செய்யும் இடத்தில் துருநீக்கினோம். உரித்த இரும்பு கடற்கரைக் காற்றில் சில மணி நேரத்தில் மறுபடியும் பழுப்பேறத் தொடங்கும். எனவே அன்று மாலைக்குள் முதற்பூச்சு ஏறியாக வேண்டும். இரும்பின் சூடு பனிநிலைக்கு 3 டிகிரியாவது மேலே இருக்கிறதா என்று பார்த்தபின், இரண்டு டப்பா எபாக்சி முதற்பூச்சைத் தூரிகையால் பூசினோம். எபாக்சியைக் கையிலும் கண்ணிலும் படவிடக்கூடாது, கையுறை வேண்டும், ஆனால் தூரிகையில் நுண்துளி மூட்டம் எழுவதில்லை. இடுக்குகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் முதலில் ஒரு கை கூடுதலாக ஓட்டச் செய்தார் மேஸ்திரி. எபாக்சி வெயிலில் சுண்ணாம்பாக நொய்யும் தன்மையது. காரின் அடிவயிற்றில் வெயில் படாது. மேலே சாதாரண ஒரு டப்பாக் கறுப்பு எனாமல் இரு கை. தூரிகையின் வரிகள் கிட்டப் பார்த்தால் தெரியும். 1960-களில் ஆலையிலிருந்து வந்த சட்டகங்களும் கண்ணாடிபோல் இருந்தவை அல்ல.

பவுடர் கோட்டிங்கை விலக்கிவிடவில்லை. சஸ்பென்ஷன் கைகள், பேட்டரித் தட்டு, தாங்கிகள் முதலிய கழற்றக்கூடிய சிறு உறுப்புகளுக்கு அதுவே ஏற்றது. மூடிய பெட்டிகள் அவற்றில் இல்லை. கெட்டால் கழற்றித் திரும்பவும் சுட்டுக்கொள்ளலாம். ரப்பர் புஷ்களை முன்கூட்டியே அகற்றி, போல்ட் துளைகளையும் மறைகளையும் புவியிணைப்பு தொடும் இடங்களையும் வெப்பம் தாங்கும் நாடாவால் மூடிக் கொடுத்தோம். இல்லாவிடில் போல்ட் நுழையாது, விளக்கும் எரியாது. பெட்டி உத்திரங்களின் உட்புறத்துக்கு நீண்ட குழல்முனையால் மெழுகு செலுத்தினோம். எந்தப் பூச்சைத் தெரிந்தெடுத்தாலும் இந்த மெழுகைத் தவிர்க்க இயலாது.

அயலூர்ப் பொருட்காட்சியில் நிறுத்தி வைக்கவும், மழையில் எடுக்காமல் போற்றவும் எண்ணுவோருக்கு, துத்தநாக முதற்பூச்சின்மேல் நன்கு செய்யப்பட்ட பவுடர் கோட்டிங் தாராளமாய்ப் பொருந்தும். ஓட்டவும், கல்லடி படவும், ஆண்டுதோறும் அடியில் படுத்துப் பார்க்கவும் எண்ணுவோருக்குப் பெயிண்டே தோழன். அப்பெயிண்டைத் தெளிப்பதாயின், அதைத் தெளிப்பவரின் முகத்தில் என்ன இருக்கிறது என்பதை விலை பேசும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கவசத்துக்கு ஆகும் செலவு வண்டிச் செலவைச் சேர்ந்தது. பட்டறைக்காரரின் தலையில் கட்டத்தக்கதன்று.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு புரட்டாசியிலும் வண்டியை மேடையேற்றி, விளக்கும் சிறு சுத்தியலும் கொண்டு சட்டகத்தைத் தட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. கடந்த புரட்டாசியில் இடப்பக்கத் தாங்கியில் ஓரங்குலப் பழுப்பு தெரிந்தது. தேய்த்து, பூசி, நாளைக் குறித்து வைத்திருக்கிறோம்.