கீரி சம்பா பிரியாணியும் ஓமாவின் பீர் பாட்டிலும்

ஓமான்னா ஜெர்மன் மொழியில பாட்டி. நம்ம ஓமத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க :-)

ஆபீஸ்ல என்னை ஒன்றரை வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பினாங்க. டார்ட்மண்டுக்குப் பக்கத்துல உன்னான்னு ஒரு சின்ன ஊர். அங்க 78 வயசுப் பாட்டி ஒருத்தங்க வீட்டு மாடி ரூம்ல குடியிருந்தேன். பேத்தி கூப்பிடறதைக் கேட்டு நானும் ஓமான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். தாத்தா தவறி நாலு வருஷம் ஆகியிருந்தது.

சமையலறை ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் பொது. சாயங்காலம் ஆறு மணிக்கு 'ஆபெண்ட்ப்ரோட்'. சாயங்கால ரொட்டின்னு அர்த்தம், அதாவது அடுப்பே பத்த வைக்காத ராத்திரிச் சாப்பாடு. கறுப்பு ரொட்டி, சீஸ், வினிகர்ல போட்ட வெள்ளரிக்கா. இட்லிக்குச் சாம்பார் ஆறிப்போச்சுன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிற திண்டுக்கல்காரனுக்கு இது எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு குளிர் அடிச்சாலும் காலையில ஜன்னலைத் திறந்து காத்து விடணும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை மெஷின்ல போட்டு 25 சென்ட் திரும்ப வாங்கணும். இதெல்லாம் ஒரு மாசத்துல பழகிடுச்சு.

பழகாதது தாளிப்பு. வந்த மூணாவது வாரம் ரசத்துக்கு வரமிளகாய் கிள்ளிப் போட்டேன். நடை கூரையில இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டிருச்சு. ஓமா இருமிக்கிட்டே துடைப்பத்தோட ஸ்டூல் மேல ஏறி நின்னதை இப்ப நினைச்சாலும் கூசுது. ஒரு வார்த்தை திட்டலை. மறுநாள் ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சீட்டு இருந்தது: 'வறுப்பது வேண்டாம், தயவுசெய்து'. அதுக்கப்புறம் எட்டு மாசம் தயிர்சாதமும் ஊறுகாயும்தான்.

அப்பா 2023 டிசம்பர்ல போனார். முதல் திதி 2024 நவம்பர் 24ல வந்தது. ரிலீஸ் நேரம், லீவு கிடைக்கலை. (கேட்கவே பயந்தேன்ங்கிறதுதான் உண்மை.) அம்மா போன்ல, "வர முடியலைன்னா விடுப்பா. ஒரு இலையைப் போட்டு அப்பாவுக்குப் புடிச்சதை வெச்சுரு"ன்னாங்க. திதிக்குக் கறி ஆகாதுங்கிற வீடுகள் உண்டு. எங்க வீட்ல போனவருக்கு என்ன பிடிக்குமோ அதான் படையல்.

அப்பாவுக்குப் பிடிச்சது அவர் ஆக்குற பிரியாணி. நாகல்நகர்ல பூட்டுப் பட்டறை வேலை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப, "குறியீடு கெடக்கட்டும், ஆர்டர் வருதா?"ன்னவர். ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள பேகம்பூர் போய்க் கறி எடுத்துட்டு வருவார். அன்னிக்கு மட்டும் அடுப்படி அவரோடது. எங்க ஊர்ல 1957ல ஆரம்பிச்ச தலப்பாக்கட்டியைப் பத்திப் பெருமையா யாராவது பேசினா, "நம்ம சட்டியில வந்து கை வெச்சுப் பாரு"ம்பார்.

அளவு கேட்க அம்மாவுக்கே போன் போட்டேன். "எனக்கு எங்கடா தெரியும்? அன்னிக்கு என்னைத்தான் உள்ளயே விட மாட்டாரே!" என் வேலை சின்ன வெங்காயம் உரிக்கிறது. உரிச்சுக் குடுத்துட்டு டிவி பார்க்கப் போயிடுவேன். இருபத்தெட்டு வயசுல ஒரு தடவைகூட நின்னு பார்த்ததில்லை.

ஓமாகிட்ட அரைகுறை ஜெர்மன்ல விஷயத்தைச் சொன்னேன். காலண்டரைப் பார்த்தாங்க. அந்த ஞாயிறு அவங்களுக்கு 'டோட்டன்ஸோன்டாக்', இறந்தவங்க நாள். 1816ல பிரஷ்ய ராஜா ஏற்படுத்தினதாம். காலையில தாத்தா கல்லறைக்குப் போவாங்களாம். "பதினோரு மணிக்கு மேலதான் வருவேன். அதுக்குள்ள வறுத்துக்கோ"ன்னு சொல்லிட்டு, ஸ்டூல் போட்டு அலாரத்தை அவங்களே கழட்டி மேஜை டிராயர்ல வெச்சாங்க.

ஞாயித்துக்கிழமை அங்க கடை கிடையாது. சனிக்கிழமையே ரயிலேறி டார்ட்மண்ட் போனேன். அந்தப் பக்கம் ஈழத் தமிழர்கள் நிறைய. 2002ல குடமுழுக்கு நடந்த ஹம் காமாட்சி அம்பாள் கோயில்கூடக் கிட்டத்துலதான். கடைக்கார அண்ணன்கிட்ட சீரகச் சம்பா கேட்டேன். "அது இல்லைத் தம்பி. கீரி சம்பா கிடக்கு, அதைக் கொண்டு போங்கோ." குட்டிக் குட்டியா ஒரே ஜாதி மாதிரிதான் இருந்தது. வாழை இலையும் கிடைச்சது. ஆட்டுக்கறி எடுத்துக் குடுத்தவர் எதுக்குன்னு கேட்டார், சொன்னேன். இலைக்குக் காசு வாங்கலை.

சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, புதினா எல்லாம் அரைச்சேன். மிளகாத்தூள் கம்மி, தயிரும் எலுமிச்சையும் தூக்கல், தக்காளி பேருக்கு. நாக்கு ஞாபகம்தான் அளவு. அரிசி நான் நினைச்சதைவிடத் தண்ணி கூட இழுத்துச்சு. மூடி மேல தணல் போட கரியடுப்புக்கு எங்க போறது? அதுக்குள்ள வந்துட்ட ஓமா, கனமான இரும்புச் சட்டியை எடுத்துக் குடுத்து, "அவன்ல வை, 160 டிகிரி"ன்னாங்க. தம் சரியா விழுந்தது.

ருசி? நல்லாத்தான் இருந்தது. ஆனா அப்பா பிரியாணி இல்லை. ஏதோ ஒண்ணு குறைஞ்சது. என்னன்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடலை.

இலை போட்டு, செல்போன்ல அப்பா படத்தை வெச்சேன். ஓமா பார்த்துக்கிட்டே நின்னாங்க. "உங்க அப்பா பீர் குடிப்பாரா?"

"குடிப்பார். எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுக் குடிப்பார்."

சிரிச்சுட்டு நிலவறைக்கு இறங்கிப் போனாங்க. வந்த புதுசுல நான் குடுத்த மாங்காய்ப் பூட்டைத்தான் அந்தக் கதவுக்குப் போட்டிருந்தாங்க. அப்பா பட்டறையில செஞ்சது. சாவி திரும்புற சத்தம் மேல வரைக்கும் கேட்டது. தாத்தா குடிக்கிற ரகம்னு ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வந்து, ஒண்ணை இலை பக்கத்துல வெச்சாங்க, இன்னொண்ணை எதிர் நாற்காலி முன்னால.

பால்கனி கம்பி மேல ஒரு பிடி சோறு வெச்சேன். ரொம்ப நேரம் எதுவும் வரலை. கடைசியா கறுப்பும் வெள்ளையுமா நீள வாலோட ஒண்ணு வந்து இறங்குச்சு. "அது எல்ஸ்டர், திருட்டுப் பயல்!"னு ஓமா கை தட்டி விரட்டப் போனாங்க. நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

சாயங்காலம் அம்மா போன்: "காக்கா எடுத்துச்சாப்பா?"

"எடுத்துச்சும்மா. கறித்துண்டைத்தான் முதல்ல எடுத்துச்சு."

"அவரேதான்"ன்னாங்க அம்மா.