மறுபடி பிறந்த நாதம்

நம் தகப்பனார் அருமையாக வைத்திருந்த வால்வு ரேடியோவைப் பழைய சாமான்காரரிடம் எடை போட்டு விற்ற புண்ணியம் நம்மைச் சேர்ந்தது. கூடத்தில் இடம் போதவில்லை என்பது அன்று நாம் சொன்ன காரணம். சென்ற மாதம் நம் சகோதரியின் புதல்வனைப் பார்க்கப் போயிருந்தபோது, அந்தப் பழைய பாவம் மறுபடி நெஞ்சில் வந்து நின்றது.

பையன் மேஜையின் மீது ஒரு மரச் சட்டத்தை நிறுத்தி, அதில் உலோகப் பலகைகளை வரிசையாகப் பொருத்தியிருந்தான். ஒவ்வொரு பலகையிலும் குமிழ்கள், துவாரங்கள். துவாரத்துக்குத் துவாரம் கொடி கொடியாய்த் தொங்கும் கம்பிகள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சோ என்று முதலில் மயங்கினோம்.

"இல்லை, மாமா! இது வாத்தியம். சிந்தசைசர் என்று பெயர். 1973-ஆம் வருஷத்து மாட்யூல்களைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை" என்றான்.

இந்த யந்திரத்தின் சரித்திரம் ரஸமானது. 1964-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் மூக் என்னும் பொறியியல் நிபுணர், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் சங்கீதக்காரரின் துணையோடு இதை உருவாக்கினார். ஒரு பலகை ஒலியைப் பிறப்பிக்கும். மற்றொன்று அதை வடிகட்டும். வேறொன்று அது எவ்வளவு விரைவில் எழுந்து அடங்க வேண்டும் என்று ஆணையிடும். ஒரு வோல்ட் ஏறினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறும். எதை எதனோடு இணைப்பது என்பது வாசிப்பவரின் இஷ்டம். 1968-ல் வெண்டி கார்லோஸ் இதைக் கொண்டே ஜெர்மானிய மேதை பாஹின் இசையை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது.

பிறகு சிறிய கருவிகள் வந்தன. பெரிய பெட்டிகள் மூலைக்குப் போயின. 2015-ல் மூக் நிறுவனத்தார் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில், பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, கையாலேயே பற்றவைத்து, 'சிஸ்டம் 55' என்னும் பெரிய அமைப்பை மறுபடி செய்தார்கள். மொத்தம் 55 தான். விலை ஒன்றுக்கு 35,000 டாலர்! 2020-ல் பெரிங்கர் நிறுவனம் அதே மாட்யூல்களைச் சிறிய அளவில், மிக மலிவாகக் கொண்டுவந்தது. நம் பையனுடைய சக்திக்கு எட்டியது இந்த ஜாதிதான்.

"பழையதைப் பார்த்துப் பிரதி எடுப்பதும் ஒரு பெருமையா?" என்று கேட்டுவிட்டோம். கேட்டபின் நமக்கே வெட்கமாயிற்று. தஞ்சாவூரில் ஆசாரி பழைய அளவில் புது வீணை செய்தால், அதைப் பிரதி என்று யார் சொல்லுகிறார்கள்? வீணை என்றுதானே சொல்லுகிறோம்? ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. வீணையின் அளவு தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு வந்தது. இந்த யந்திரத்தின் பரம்பரையோ நடுவில் அறுந்து போயிற்று. அறுந்த இடத்தில் பாலமாக நின்றது, யாரோ பத்திரப்படுத்திய சில காகிதங்கள்.

நம் தேசத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1969-ல் ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் ட்யூடர் என்னும் அமெரிக்கக் கலைஞர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் முதலிய நம்மவர்கள் அதில் பரிசோதனைகள் செய்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் அலமாரியில் உறங்கின. பால் பர்காஸ் என்பவர் அவற்றைத் தேடி எடுத்ததால், 1969 முதல் 1972 வரை பிறந்த அந்த நாதத்தை 2023-ல் உலகம் கேட்டது. நாடாவைக் குப்பையில் எறியாத அந்த முகம் தெரியாத ஊழியருக்கு நம் நமஸ்காரம்!

பையன் ஒரு குமிழைத் திருகினான். தம்பூராவின் கார்வை போல் ஒரு கனத்த நாதம் எழுந்து அறையை நிறைத்தது. நாம் பேசாமல் இருந்தோம்.

"மாமா, தாத்தாவின் ரேடியோவுக்கு சர்க்யூட் படம் இருக்கிறதா? இருந்தால் மறுபடி செய்துவிடலாமே!" என்றான்.

படம் இருந்தது. ரேடியோவின் பின்பலகையின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. எடை போட்டபோது அதுவும் கூடவே போயிற்று. இதை அவனிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை.

புறப்படும்போது, மாட்யூலோடு வந்த விளக்கத் தாள் குப்பைக் கூடையில் கிடப்பதைக் கண்டோம். குனிந்து எடுத்து, நீவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். இப்பொழுது அது நம் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.