அவளுடைய கையொப்பம்

பத்திரிகைக்காரனுக்கு மணவிலக்கு என்றால் சண்டைச் செய்தி. நானும் பல்லாண்டுகள் அப்படியே எழுதி வந்தேன். சண்டையே இல்லாத மணவிலக்கு ஒன்றை அருகிருந்து காணும் வாய்ப்பு, ஓய்வுபெற்ற பின்னரே எனக்குக் கிட்டியது.

கல்முனையை அடுத்த மருதமுனையிலிருந்து பழைய நண்பர் ஒருவரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஒன்பதாண்டு மணவாழ்வு, ஒரு குழந்தை. அடி இல்லை, ஏச்சு இல்லை. கணவன் வளைகுடா நாட்டிலும் அவள் ஊரிலுமாகக் காலம் கழிந்ததில் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியராகிவிட்டனர். பிரிந்துவிடுவதென்று பேசி முடிவெடுத்தும் விட்டனர்.

"அப்படியென்றால் நான் எதற்கு மகள்?" என்று கேட்டேன்.

"நான் பேசாம இருந்தா சம்மதம் எண்டு எழுதிப்போடுவாங்க சாச்சா. என்ர வாயால நானே சொல்லணும். நீங்க வந்து பக்கத்தில இரிங்க" என்றாள்.

காதி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தோன்ற இடமில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் ஏற்பாடு அது. தம்பதியர் தாமே பேச வேண்டும். கணவன் சொல்வது தலாக். கணவனின் குற்றத்தைக் காட்டி மனைவி கேட்பது பஸ்ஹ். ஈடு கொடுத்து அவள் விடுதலை பெறுவது குல்உ. இருவரும் மனமொத்துப் பிரிவது முபாறஅத். முதல் மூன்றும் ஊரில் பழகிய சொற்கள். நான்காவதைக் கேள்விப்படாதவர்களே அதிகம்.

நாட்டின் பொதுச் சட்டத்திலோ இந்த நான்காவது வழியே வகுக்கப்படவில்லை. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் கூறிய காரணங்கள் மூன்று: பிறர்மனை நாட்டம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. ஆகவே நட்போடு பிரிய விரும்பும் தம்பதியரிலும் ஒருவர் 'கைவிட்டவர்' என்ற பழியை ஏற்று, எதிர்வழக்காடாமல் இருக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்திலும் பரஸ்பர சம்மத மணவிலக்கு 1976 இல்தான் சேர்க்கப்பட்டது. இந்த ஒரு விடயத்தில் நம்மவரின் மரபு முந்திக்கொண்டது எனலாம். ஆனால் அதே 1951 சட்டம், காதியாக ஆண்களையே நியமிக்கச் சொன்னது. திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. சீர்திருத்தம் ஆராய 2009 இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூஃப் குழு 2018 இல்தான் தன் அறிக்கையைக் கையளித்தது.

கிழக்குக் கரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இங்கே பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுக்கிறார்கள். குடிவருபவர் மாப்பிள்ளை. எனவே பிரிவு நேர்ந்தால் வெளியேறுபவரும் அவரே. 2004 சுனாமியில் இக்கரையின் வீடுகள் அழிந்தபின், புதிய வீடுகளைக் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதும் போக்கு தலைகாட்டியது. இவளுடைய உம்மா அன்று விடாப்பிடியாக நின்று தம் பெயரிலேயே உறுதி எழுதுவித்தார். பின்னர் அந்த வீடே மகளுக்குச் சீதனமாயிற்று. பேச்சு இவ்வளவு இலகுவாக முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

காதியார் வயதானவர், பொறுமைசாலி. சேர்ந்து வாழ வழியுண்டா என்று இருவரிடமும் கேட்டார். பிறகு, "மகளுக்குச் சம்மதமா?" என்றார்.

"மகளுக்குச் சம்மதம்தான்" என்று நண்பர் முந்திக்கொண்டார்.

"வாப்பா, நான் சொல்றேன்" என்றாள் அவள்.

சொன்னாள். மஹர் கிடைத்துவிட்டது. பிள்ளைக்கான மாதத் தாபரிப்பு இவ்வளவு. விடுமுறைகளில் பிள்ளை வாப்பாவோடு இருக்கலாம். இத்தாக் காலச் செலவு இவ்வளவு. மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலியை இரு தவணைகளில் திருப்ப வேண்டும். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தான். கைக்கூலித் தொகையை அவள் குறைத்துச் சொன்னபோது அவனே திருத்தினான். அறையில் இருந்த எவரும் அதன்பின் சற்று நேரம் பேசவில்லை.

இருவரும் ஒப்பமிட்டனர். வெளியே வந்ததும் அவன் என்னிடம் ஸலாம் சொல்லிவிட்டு, தன் உம்மாவின் வீட்டுப் பக்கமாக நடந்து போனான்.

ஒன்பதாண்டுகளுக்கு முன் நடந்த நிக்காஹ் அப்போது நினைவுக்கு வந்தது. அவள் உள்ளறையில் இருந்தாள். பதிவேட்டில் மாப்பிள்ளையும், வலியாக வாப்பாவும் ஒப்பமிட்டார்கள். அவளிடம் எவரும் பேனாவை நீட்டவில்லை. நானும் அந்தப் பந்தலில்தான் அமர்ந்திருந்தேன். ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன். அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.