கட்டிலருகே ஒரு காவல்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரிலிருந்து ஆபத்தான நிலையிலுள்ள நோயாளியொருவரைத் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல, முன்னாளிற் கடலைக் கடக்கவேண்டும். அன்றேல் தரைவழியே துறைதோறும் பாதைப் படகுக்குக் காத்திருக்கவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பின்னர்ப் பாலங்கள் எழுந்தன. பயணம் எளிதாயிற்று. ஆயினும், பயணம் முடியுமிடத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலருகே, வேறொரு காவல் தொடங்குகின்றது.

மூச்சுக்குழலினுள் குழாய் செலுத்தப்பட்ட நோயாளி பேச இயலாதவர். மூச்சு முட்டுகின்றது என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை. ஆதலினாலேயே கடமையேற்கும் தாதி, முன்னவர் கூறும் விபரங்களைக் கேட்பதோடமையாது, யாவற்றையும் தம் கண்ணாற் காண்கின்றார். கைப்பட்டியிலுள்ள பெயர் சரியானதா? குழாய் உதட்டருகே எத்தனையாம் சென்ரிமீற்றர்க் குறியில் நிற்கின்றது? சளியை உறிஞ்சும் கருவி இயங்குகின்றதா? சுவாச இயந்திரம் நின்றுவிடின் கையால் மூச்சூட்டும் பை தலைமாட்டில் உண்டா? மருந்து ஏறும் அளவும் ஏட்டில் எழுதிய அளவும் ஒன்றா? அபாயமணி அடக்கப்பட்டுள்ளதா? சில நிமிடங்களில் முடியும் சோதனை இது.

இக்காவலின் தொடக்கத்தில் மாணவருக்கும் பங்குண்டு. 1952இல் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்கமருந்து நிபுணரான பியோர்ன் இப்சனின் யோசனைப்படி, சுமார் 1500 மாணவர் முறைவைத்து நோயாளர் அருகிருந்து, கழுத்திற் பொருத்திய குழாய்வழியே இறப்பர்ப் பையை அமுக்கி மூச்சூட்டினர். ஒருவர் கை ஓயுமுன் மற்றவர் கை தொடரவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் இப்சன் அமைத்த பிரிவே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாகும். பையின் இடத்தை இன்று இயந்திரம் பெற்றுவிட்டது. கைமாறும் பொழுதின் ஆபத்தோ மாறவில்லை.

மீண்டும் சோதிப்பது முன்னவரை நம்பாமையன்றோ எனக் கேட்பாருமுளர். அன்று. முன்னவர் பார்த்தது உண்மையே. பார்த்தபின் நிலை மாறியிருக்கலாம். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கையில் குழாய் நகரும், மருந்துக்குழாய் மடங்கும். இரவெல்லாம் விழித்த கண் காணாததைப் புதிதாய் வந்த கண் காணும்.

எனினும், ஒரு தாதி பல கட்டில்களைக் கவனிக்க நேரும்போது முதலிற் சுருங்குவது இச்சோதனையே. சோதனைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது எளிது. அதனை நிறைவேற்றும் நேரத்தையும் ஆளையும் அளிப்பதே கடினம். அவ்விரண்டையும் அளியாது தாதியரிடம் விழிப்பை மட்டும் வேண்டுவது நீதியாகாது.