கவசமும் தவக்குலும்

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து எம் மகனுக்குக் குதிரையேற்றக் கவசம் வாங்கப் புறப்பட்டோம். வளரும் பிள்ளையாயிற்றே என்று ஓரளவு பெரியதையே முதலில் எடுத்தோம். அணிவித்தபோதுதான் எம் பிழை புரிந்தது. அது உடலோடு ஒட்டாமல் சுழன்றது; அமர்ந்ததும் பின்விளிம்பு சேணத்தில் இடித்து மேலேறியது. விழும் கணத்தில் அது விலகிவிடுமே! எனவே ஈ.என். 13158 தரத்தின் மூன்றாம் நிலை முத்திரையுடன், விலா எலும்புகளை மூடி, மூச்சைத் தடுக்காமல் இறுகப் பொருந்துவதையே தேர்ந்தோம்.

“அல்லாஹ் காப்பான், இத்தனை செலவு எதற்கு?” என்றார்கள் அத்தா.

ஹிஜ்ரி 3இல், உஹதுக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் இரு கவசங்கள் அணிந்திருந்ததைப் பணிவுடன் நினைவூட்டினோம். அத்தா மறுமொழி கூறவில்லை; பேரனின் தோள்பட்டைகளைத் தாமே இறுக்கி, “பிஸ்மில்லாஹ்” என்றார்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் காப்பானாக! ஆமீன்.