சபைக்கு வெளியே போன புகார்

2016 ஜூன் மாதம் லண்டன் நீதிமன்றம் ரிச்சர்ட் ஹக்கிள் என்பவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. கோலாலம்பூரின் ஏழைக் குடியிருப்புகளில் ஆங்கில ஆசிரியனாக, புகைப்படக்காரனாக, கிறிஸ்தவத் தொண்டனாகப் பழகியவன். பச்சைக் குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். அந்த வாரம் பீடோரில் எங்கள் சபையில் வேறு பேச்சே இல்லை. “வெளியாளு. நம்ம ஆளா இருந்தா நமக்குத் தெரியாம போயிருக்குமா?” என்றார் ஒரு பெரியவர். எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஜூலையில், சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. அது வந்து சில மாதங்களில், நான் கற்பிக்கும் ஞாயிறு பள்ளிக்கு வரும் ஒரு சிறுமியின் தாய் என்னைத் தேடி வந்தாள். மகளுக்கு நடந்ததைச் சொல்லுமுன்பே, “யாரு டீச்சர் நம்புவாங்க?” என்று அழுதாள். அவள் சொன்ன பெயர் எங்கள் மூப்பர் ஒருவருடையது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் சபையார் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது லயங்கள் காலியாயின. தாமான் வீடுகளுக்குச் சிதறிய குடும்பங்களுக்குச் சபைதான் சொந்தபந்தம். அடையாளக் கார்டு பாரம் நிரப்ப வேண்டுமா, பள்ளிச் செலவுக்குக் கைமாற்று வேண்டுமா, தாப்பா மருத்துவமனைக்குக் கார் வேண்டுமா, அந்த மூப்பரைத்தான் கூப்பிடுவோம். பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றிப் போனதும் அவர்தான். அவருக்கு நன்றிக்கடன் படாத வீடு இல்லை. அந்த நன்றிதான் அவருக்குக் காவலாக இருந்தது. ஹக்கிளும் உதவி செய்கிறவனாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தான்.

சிறுமியிடம் நான் எதையும் துருவவில்லை. விசாரிப்பது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஆளாளுக்குக் கேட்டால் குழந்தையும் நொந்துபோகும், வழக்கும் கெடும். “நீ சொன்னது நல்லதும்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்று மட்டும் சொன்னேன். அன்றே தாயோடு போய்ப் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தோம். மருத்துவப் பரிசோதனைக்கும் போலீஸாரே அனுப்பினார்கள்.

பிறகு வெடித்தது. “எங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே, சபைக்குள்ள பேசி முடிச்சிருப்போமே” என்றார்கள் கமிட்டியில். சகோதரர்கள் வழக்குக்குப் போகலாமா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்து வைத்தார்கள். பவுல் பேசியது பொருள் தகராறுகளைப் பற்றி. குழந்தைக்கு இழைத்த குற்றத்தைப் பேசி முடிக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரமில்லை. இப்படியொரு குற்றம் தெரிந்தும் மறைப்பவருக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அந்தப் புதிய சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதை நான் வாசித்துக் காட்டினேன். பலருக்கு அப்போதுதான் தெரியும்.

சிறுமியின் வீட்டுக்குப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள், புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி. மன்னிக்கும்படி அந்தக் குழந்தையிடம் ஜெபித்துக் கேட்டார்கள். மனந்திரும்பும்படி அந்த மூப்பரிடம் போய் ஒருவரும் கேட்கவில்லை. இதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு பதறுகிறது. பால்மரம் வெட்டியே பிள்ளைகளை வளர்த்த பாட்டிதான் வாசலை மறித்து நின்றார். “சொல்றத போலீஸ்ல சொல்லுங்க. என் பேத்திகிட்ட வராதீங்க.”

சபை உடைந்தது. பாதிக் குடும்பங்கள் வருவதை நிறுத்தின. என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிறுமியின் குடும்பம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. வழக்கைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதுவதை அவர்கள் விரும்பவில்லை, எழுதமாட்டேன்.

இப்போது வகுப்பறைக் கதவில் கண்ணாடி வைத்திருக்கிறோம். எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பிள்ளையைத் தனியாக யாரும் காரில் ஏற்றக்கூடாது. போதகருக்கும் அதே விதி. அறிவிப்புப் பலகையில் தாலியான் காசே உதவி எண் 15999 பெரிதாக ஒட்டியிருக்கிறது. புகாரை முதலில் போதகரிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சிலர் இன்னமும் கேட்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அது வருகிறது. நானும் தாய்மார்கள் சிலரும் ஒவ்வொரு முறையும் எழுந்து எதிர்க்கிறோம்.